வெள்ளைச் சுவரின் சாட்சியம்

பெயின்ட் கடையில் குளியலறைக்கென்று ஷேட் கார்டைக் கேட்டு வாங்கினால், கை தானாக வெள்ளையும் வெள்ளையை ஒட்டிய நிறங்களும் உள்ள முதல் பக்கங்களில்தான் போய் நிற்கும். வெள்ளை என்றால் சுத்தம், குளிக்கிற இடம் சுத்தமாக இருக்க வேண்டும், ஆகவே வெள்ளை. இந்தக் கணக்கு அவ்வளவு இயல்பாகத் தோன்றுவதால் இதற்கு ஒரு சரித்திரம் இருக்கும் என்றே நாம் நினைப்பதில்லை. இருக்கிறது, அதுவும் மிகக் குறுகிய சரித்திரம். குழாய்த் தண்ணீர் வரும் குளியலறை என்ற தனி அறை ஐரோப்பிய, அமெரிக்க நடுத்தர வீடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பரவியது. அந்த அறை தரை முதல் கூரை வரை வெள்ளையாக இருந்தது ஏறத்தாழ 1890களிலிருந்து 1920களின் நடுப்பகுதி வரை, ஒரு தலைமுறைக் காலம். அதற்கு முன்பும் அங்கே நிறம் இருந்தது, பின்பும் வந்தது. இடையில் வெள்ளை கோலோச்சியதற்கு, அது கிருமியைக் கொன்றதாகவோ கண்ணுக்கு இதமாக இருந்ததாகவோ காரணம் சொல்லிவிட முடியாது. இந்த இடத்தை யாராவது சுத்தம் செய்தார்களா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு வெள்ளைச் சுவர் சாட்சி சொன்னது. அந்தச் சாட்சியம் வேறு இடத்திலிருந்து கிடைக்கத் தொடங்கியதும் சுவரை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. இதுதான் இங்கே நான் நிறுவப் பார்ப்பது.

கதை வீட்டில் தொடங்கவில்லை, ஆலையில் தொடங்குகிறது. 1784இல் இங்கிலாந்தின் ராட்கிளிஃபில், மூத்த ராபர்ட் பீலின் பருத்தி ஆலையில் காய்ச்சல் பரவியது. தாமஸ் பெர்சிவல் என்ற மான்செஸ்டர் மருத்துவரும் சகாக்களும் வந்து விசாரித்தார்கள். அதே பீல், நாடாளுமன்ற உறுப்பினராக, 1802இல் ஆலைகளில் வேலை பழகும் சிறுவர்களுக்காக ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஆலையின் எல்லா அறைகளையும் வருடத்துக்கு இரண்டு முறை சுண்ணாம்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும் என்றது அது. சரி, கழுவினார்களா என்று யார் பார்ப்பது? வட்டார நீதிபதிகள் இரண்டு பார்வையாளர்களை நியமிப்பார்கள், ஒருவர் அவர்களிலேயே ஒரு நீதிபதி, மற்றவர் பாதிரியார். கிருமி என்ற ஒன்றைப் பற்றி அன்று மருத்துவர்களுக்கே தெரியாது, கெட்ட காற்றால் காய்ச்சல் வருகிறது என்பதே நம்பிக்கை. நாற்றத்தை அளக்கக் கருவி கிடையாது. ஆனால் ஒரு பாதிரியார் வாசலில் நின்றபடியே சுவரைப் பார்த்து, அது போன மாதம் அடித்ததா போன வருடம் அடித்ததா என்று சொல்லிவிடலாம். புதுச் சுண்ணாம்பின் வெளுப்பு ஒரு தேதி முத்திரை. பொங்கலுக்கு வெள்ளையடித்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தை பிறக்கும்போது சுவர் வெளுத்திருந்தால் அந்த வீட்டில் வேலை நடந்திருக்கிறது, பழுப்பேறிக் கிடந்தால் நடக்கவில்லை, தெருவில் போகிறவருக்கே தெரிந்துவிடும்.

இந்தத் தேதிக் கணக்கைச் சட்டம் பிறகு இன்னும் நுணுக்கமாக்கியது. 1901ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தொழிற்சாலைச் சட்டப்படி, உட்சுவர்களுக்கும் கூரைக்கும் பதினான்கு மாதங்களுக்கு ஒருமுறையாவது சுண்ணாம்பு அடிக்க வேண்டும். எண்ணெய்ப் பெயின்ட் அடிப்பதானால் ஏழு வருடத்துக்கு ஒருமுறை போதும், ஆனால் பதினான்கு மாதத்துக்கு ஒருமுறை அதைச் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவ வேண்டும். இங்கே ஒரு மறுப்பு எழும். சுண்ணாம்பு கிருமிநாசினிதானே, அதனால்தானே அடிக்கச் சொன்னார்கள், சாட்சி கீட்சி என்பதெல்லாம் பின்னால் வந்தவர்கள் கட்டும் கதை என்று. மறுப்பில் பாதி உண்மை உண்டு. நீற்றிய சுண்ணாம்பு கடுமையான காரம், ஈரம் காயாத சுவரில் எந்தக் கிருமியும் சுலபமாகப் பிழைக்காது. ஆனால் சுவரில் பூசியதுமே அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கத் தொடங்கிவிடுகிறது. மெல்லிய பூச்சு சில வாரங்களில் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சாதாரணச் சுண்ணாம்புக் கல்லாக, மாறிவிடும். காரம் போய்விடும், வெண்மை மட்டும் நிற்கும். பதினான்கு மாதத்தில் கொல்லும் சக்தி இருந்த காலம் கொஞ்சம், மீதிக் காலமெல்லாம் சுவர் வெறுமனே வெளுத்து நின்றது. அதோடு, எண்ணெய்ப் பெயின்டுக்கு அந்தக் காரமே கிடையாது, இருந்தும் சட்டம் அதைச் சரிசமமாக ஏற்றுக்கொண்டது. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது, வந்து பார்க்கிற அதிகாரிக்குப் புலப்படும் ஒரு பரப்பும் ஒரு கெடுவும்தான்.

நம் நாட்டில் இது எவ்வளவு தூரம் போனது என்பதற்கு பம்பாய் பிளேக் ஓர் உதாரணம். 1896இல் நோய் தொடங்கி, 1897 மார்ச்சில் ஜெனரல் கேட்டக்கர் தலைமையில் பிளேக் குழு அமைந்தபின், மருந்துத் தண்ணீர் தெளிக்கும் ஆட்களும் சுண்ணாம்பு அடிக்கும் ஆட்களும் கூட்டம் கூட்டமாகத் தெருத் தெருவாக அனுப்பப்பட்டார்கள். பிளேக்கைப் பரப்பியது எலித் தெள்ளுப்பூச்சி, சுவரில் அடித்த சுண்ணாம்பு அதை ஒன்றும் செய்திருக்காது. ஆனால் வெளுத்த வீடு என்றால் அதிகாரிகள் வந்து போன வீடு. குடியிருக்கத் தகுதியற்றவை என்று முடிவான வீடுகளின்மேல் மூன்று ஆங்கில எழுத்துகளைத் தீட்டிவிட்டுப் போனார்கள். இரண்டுமே சுவரில் எழுதிய அரசாங்கக் குறிப்புகள், ஒன்று எழுத்தில், ஒன்று நிறத்தில்.

இப்போது வீட்டுக்குள் வருவோம். பரிசோதகர் நுழையாத பணக்கார வீட்டில் வெள்ளைக்கு வேலையே இருக்கவில்லை. 1870களின் ஆங்கிலேயக் குளியலறை மற்ற அறைகளைப் போலவே அலங்கரிக்கப்பட்டது. தொட்டியையும் கழிப்புக் கிண்ணத்தையும் மஹோகனி மரப் பெட்டிகளுக்குள் ஒளித்தார்கள், சுவரில் பூவும் கொடியும் போட்ட காகிதம் ஒட்டினார்கள், ஜன்னலில் திரை தொங்கியது. ட்வைஃபோர்ட், டோல்டன் போன்ற பெரிய பீங்கான் கம்பெனிகள் கழிப்புக் கிண்ணத்தின் உட்புறத்திலேயே நீலப் பூக்களை அச்சிட்டு விற்றன. சுவர்க் காகிதத்தில் பச்சைக்கு மவுசு அதிகம். 1775இல் ஷேலே என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த பச்சையும், 1814இல் அதற்குப் பின் வந்த மரகதப் பச்சையும் தாமிரமும் ஆர்சனிக்கும் சேர்ந்தவை. ஈரமான அறையில் அந்தக் காகிதத்தின்மேல் பூஞ்சை படர்ந்தால் பூண்டு வாடையுள்ள ஆர்சனிக் வாயு வெளியாகிறது என்று 1890களில் இத்தாலிய மருத்துவர் பார்ட்டலோமியோ கோஸியோ காட்டினார். நீராவி நிரம்பும் அறைக்கு இதைவிட மோசமான நிறம் கிடைக்காது. ஆனாலும் பிரிட்டனில் இந்தக் காகிதத்தைச் சட்டம் தடைசெய்யவில்லை, வாங்குகிறவர்கள் பயந்து விலகியதால்தான் அது கடையை விட்டுப் போனது. வீட்டுச் சுவரின் நிறத்தை மாற்றுவதற்குச் சட்டத்தைவிட அச்சம் போதுமான கருவி என்பதை இது முன்கூட்டியே காட்டிவிட்டது.

பெரிய அச்சம் 1871இல் வந்தது. வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட், ஸ்கார்பரோவின் லண்டஸ்பரோ லாட்ஜில் விருந்தாளியாகத் தங்கித் திரும்பியபின் டைஃபாய்டில் விழுந்து சாவின் விளிம்புக்குப் போனார். அதே வீட்டில் தங்கியிருந்த செஸ்டர்ஃபீல்ட் பிரபு இறந்தே போனார். பழி அந்த வீட்டுச் சாக்கடைக் குழாய்கள்மேல் விழுந்தது. அரண்மனைக்காரர்களையே குழாய் வழியாக வரும் வாயு கொல்லும் என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்? மரப் பெட்டிக்குப் பின்னால் என்ன கசிகிறதோ என்று எல்லாரும் பயந்தார்கள். பெட்டிகள் உடைக்கப்பட்டன, குழாய்கள் வெளியே தெரியும்படி சுவரில் ஓடின. 1883இல் ட்வைஃபோர்ட் விற்பனைக்குக் கொண்டுவந்த யூனிடாஸ் கிண்ணம் மரத்தின் துணையில்லாமல் தனித்து நின்றது, ஆனால் அதிலும் இலையும் பூவும் புடைத்திருந்தன, பழைய ருசி ஒரேயடியாகப் போய்விடவில்லை. 1880இல் டைஃபாய்டு கிருமியை ஏபெர்த் கண்டார், 1882இல் காசநோய்க் கிருமியை கோஹ் அறிவித்தார். வாயுவின்மேல் இருந்த பயம் கிருமியின்மேல் திரும்பியது. வாயுவாவது மூக்குக்குத் தெரியும். கிருமி எதற்குமே தெரியாது. தெரியாத ஒன்றை எதிர்த்துப் போராடுகிறவர்கள் தெரிகிற ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள், அது அழுக்கு. அழுக்கை மிக நன்றாகக் காட்டும் பின்னணி வெள்ளை. 1900 வாக்கில் பூக்களும் போய்விட்டன.

இந்த இடத்தில் பெயின்டின் வேதியியல் ஒரு வேடிக்கை செய்தது. அக்காலத்தின் வெள்ளை பெயின்ட் என்றால் ஈயவெள்ளை. ஈயவெள்ளையின்மேல் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது அழுகிய முட்டை நாற்றமடிக்கும் அந்தச் சாக்கடை வாயு, பட்டால் ஈய சல்ஃபைடாகிக் கறுத்துவிடும். குழாய் கசிகிற குளியலறையில் ஈயவெள்ளைச் சுவர் மெல்ல மெல்லச் சாம்பல் பூத்தது. உண்மையைச் சொன்னால் சாட்சிகளிலேயே இதுதான் நேர்மையான சாட்சி, கண்ணுக்குத் தெரியாத வாயுவைக் கண்ணுக்குக் காட்டிக் கொடுத்தது. வீட்டுக்காரர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? கறுக்காத வெள்ளை வேண்டுமென்று கேட்டார்கள். அது தயாராகவே இருந்தது. பாரிஸில் எட்மே ஜான் லெக்ளேர் என்ற பெயின்டிங் கான்ட்ராக்டர், தன் ஆட்கள் ஈயத்தால் வயிறு முறுக்கிச் சாவதைப் பொறுக்காமல், 1840களிலேயே துத்தநாக வெள்ளையைத் தயாரித்துப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார். துத்தநாகமும் அதே வாயுவோடு சேரும், ஆனால் சேர்ந்து உண்டாகும் துத்தநாக சல்ஃபைடும் வெள்ளைதான். துத்தநாகத்தையும் பதமாகக் காய்ச்சிய எண்ணெயையும் சேர்த்து நூற்றாண்டின் இறுதியில் எனாமல் பெயின்ட்கள் வந்தன. இங்கிலாந்தில் ஆஸ்பினால் எனாமல், பிரான்சில் ரிப்போலின். வழவழவென்று காயும், துணியால் துடைத்தால் போதும், எந்த வாயுவுக்கும் நிறம் மாறாது. ஆக, காட்டிக்கொடுக்கும் வெள்ளையை எடுத்துவிட்டுக் காட்டிக்கொடுக்காத வெள்ளையை அடித்தார்கள். வெள்ளைக்கு ஆதரவாகச் சொல்லப்பட்டதெல்லாம் உண்மையில் ஆரோக்கியத்தைப் பற்றியதாக இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. சுத்தத்தைவிடச் சுத்தத்தின் தோற்றமே அங்கே விலைபோனது.

தோற்றத்தைக் காக்க ஆள் வேண்டும். வெள்ளை டைல்ஸ், வெள்ளைத் தொட்டி, வெள்ளை எனாமல் சுவர் என்று ஆன அறையில் ஒரு முடி விழுந்தாலும் தெரியும். அதைத் துடைத்தது யார் என்று அன்றைய கட்டடக்கலைக் கட்டுரைகள் எழுதுவதில்லை. பிரிட்டனில் வேலைக்காரப் பெண்கள், வேலைக்காரர் குறைந்துகொண்டு வந்த அமெரிக்காவில் வீட்டு மனைவிகள். ஆலையில் நீதிபதியும் பாதிரியாரும் பார்த்த பார்வையை வீட்டில் எஜமானி பார்த்தாள், பிறகு தன்னையே பார்த்துக்கொண்டாள். நவீன கட்டடக்கலையின் பெரியவர்களுக்கு இதில் ஒரு கவித்துவம் தெரிந்தது. 1925இல் ல கொர்பூசியே ‘ரிப்போலின் சட்டம்’ என்று ஒன்றை முன்மொழிந்தார். ஒவ்வொரு குடிமகனும் திரைகளையும் சுவர்க் காகிதத்தையும் கிழித்தெறிந்துவிட்டு வெள்ளை ரிப்போலின் ஒரு கோட் அடிக்க வேண்டும், அப்போது இருட்டு மூலைகளே இல்லாத வீட்டில் மனமும் சுத்தமாகும் என்பது அதன் சாரம். பரிசோதகரை ஆன்மாவுக்குள்ளேயே உட்காரவைக்கும் திட்டம்! ஆறே வருடத்தில், 1931இல், இதே மனிதர் சலூப்ரா கம்பெனிக்குச் சுவர்க் காகிதங்களுக்கான நிறத் தொகுப்பு ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அவர் பிரகடனம் செய்தபோதே வெள்ளையின் ஆட்சி தளரத் தொடங்கியிருந்தது. முதலில் தளர்ந்த இடம், சுத்தத்துக்கு உயிரையே கொடுக்கும் இடமான அறுவைச் சிகிச்சை அறை. 1914இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர் தன் அறையின் சுவரையும் தரையையும் பசலைக்கீரைப் பச்சைக்கு மாற்றினார். பலமான விளக்கொளியில் வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசச் செய்தது, ரத்தத்தின் சிவப்பை உற்றுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் எதுவும் சரியாகத் தெரியவில்லை, சிவப்புக்கு எதிர் நிறமான பச்சை கண்ணுக்கு ஓய்வு தந்தது. காரணம் நியாயமானது. ஆனால் 1890இலும் வெள்ளை கூசத்தான் செய்திருக்கும், அப்போது ஏன் யாரும் மாற்றவில்லை? இடையில் ஆவியில் கருவிகளையும் துணிகளையும் அவிக்கும் முறை எல்லா நல்ல ஆஸ்பத்திரிகளிலும் நிலைபெற்றுவிட்டது. சுத்தம் என்பது எத்தனை டிகிரியில் எத்தனை நிமிடம் வைத்தோம் என்ற கணக்காகிவிட்டது. அந்தக் கணக்கை மூடிய பாத்திரத்தின் மானி சொல்லும்போது சுவர் எதற்குச் சொல்ல வேண்டும்?

வீட்டுக் குளியலறைக்கும் இதேபோல ஒரு மானி கிடைத்தது, ஊருக்கு வெளியே, நீரேற்று நிலையத்தில். 1908 செப்டம்பரில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டிக்குப் போகும் தண்ணீரில், ஜான் லீல் என்ற மருத்துவரின் யோசனைப்படி, தொடர்ச்சியாகக் குளோரின் கலக்கத் தொடங்கினார்கள். மற்ற நகரங்கள் விறுவிறுவென்று பின்பற்றின. 1900இல் அமெரிக்காவில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 100 பேரைப் பிடித்த டைஃபாய்டு, 1920இல் 33.8 ஆகக் குறைந்தது. நோய் தன் குளியலறைச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது என்ற எண்ணம் தானாகத் தேய்ந்தது. 1927இல் விஸ்கான்சினைச் சேர்ந்த கோலர் கம்பெனி தொட்டி, வாஷ்பேசின், கழிப்புக் கிண்ணம் மூன்றையும் ஒரே நிறத்தில் விற்க ஆரம்பித்தது. வசந்தப் பச்சை, லாவண்டர், இலையுதிர்காலப் பழுப்பு, பழைய தந்த நிறம், அடிவான நீலம், சாம்பல் என்று ஆறு நிறங்கள், சீக்கிரமே கறுப்பும் சேர்ந்தது. கேட்க எளிது, செய்வது கடினம். தொட்டி என்பது எனாமல் பூசிய வார்ப்பிரும்பு, கிண்ணம் பீங்கான். இரண்டும் வேறு வேறு சூட்டில் வேகும் வேறு வேறு மண். ஒரே நிறமி ஒன்றில் வெளிறியும் மற்றதில் அடர்ந்தும் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாதபடி செய்வதற்குத்தான் உழைப்பெல்லாம் போனது.

இந்த ஆறு நிறங்கள் பெயின்டர் வேலையைத் தலைகீழாக்கிவிட்டன. அதுவரை சுவருக்கு வெள்ளை, தொட்டிக்கும் வெள்ளை, யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. இப்போது நாற்பது ஐம்பது வருடம் உடையாமல் கிடக்கப்போகும் பச்சைத் தொட்டி முதலில் வருகிறது. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றக்கூடிய சுவர் அதற்கு அனுசரித்துப் போக வேண்டும். பச்சைத் தொட்டிக்குப் பச்சையே அடித்தால் அறை குளம்போல் ஆகிவிடும், தந்த நிறம் அடித்தால் தொட்டி எடுத்துக்காட்டும், ரோஜா நிறம் அடித்தால் துணிச்சல். குளியலறைக்குப் பெயின்ட் நிறம் தேர்ந்தெடுப்பது என்று இன்று நாம் சொல்கிற பிரச்சினை, டைல்ஸையும் பேசினையும் மாற்ற முடியாது, சுவரில் மீதியிருக்கும் பகுதிக்கு என்ன அடிப்பது என்ற பிரச்சினை, அப்போதுதான் பிறந்தது.

என் வாதத்துக்கு வரக்கூடிய பலமான மறுப்பும் இங்கேதான் இருக்கிறது. 1920களில் அமெரிக்காவில் எல்லாமே நிறமானது. டியூகோ லாக்கர் வந்ததால் கார்கள் கறுப்பிலிருந்து நீலத்துக்கும் பச்சைக்கும் போயின, சமையலறைப் பாத்திரமும் கைக்குட்டையும் படுக்கை விரிப்பும் கலராயின. விற்பனைக்காரர்கள், உடையாத பொருளையும் பழசாக்கிக் காட்டுவதற்கு நிறத்தைவிட மலிவான வழியில்லை என்று கண்டுகொண்டார்கள். குளியலறையும் அந்த அலையில் அடித்துச் செல்லப்பட்டது, இதில் குளோரினுக்கும் டைஃபாய்டுக்கும் என்ன வேலை என்று கேட்கலாம். அலை இருந்தது உண்மை, விளம்பரத்தின் பங்கும் பெரிது. ஆனால் அதே அலையின் நடுவில் எதிர்த் திசையில் போன ஒரு வியாபாரத்தைப் பாருங்கள். 1921இல் கான்சாஸ் மாநிலத்தின் விசிட்டாவில் ஒயிட் காஸில் என்ற ஹாம்பர்கர் கடை தொடங்கியது. சிகாகோ இறைச்சிக் கூடங்களின் அவலத்தை அப்டன் சின்க்ளேரின் நாவல் 1906இல் அம்பலப்படுத்தியதிலிருந்து, கொத்திய இறைச்சியில் என்ன கலந்திருக்கிறதோ என்று சனங்களுக்குப் பயம். அந்தக் கடை பெயரிலேயே வெள்ளையை வைத்தது, கட்டடம் முழுக்க வெள்ளை, பிறகு வெள்ளை எனாமல் பூசிய எஃகுத் தகடுகளிலேயே கடைகளைக் கட்டியது, இறைச்சியை வாடிக்கையாளர் கண்முன்னால் அரைத்தது. வீட்டுக் குளியலறை லாவண்டருக்கும் பச்சைக்கும் போய்க்கொண்டிருந்த அதே வருடங்களில் ஹாம்பர்கர் கடை வெள்ளையாகிக்கொண்டிருந்தது. இரண்டையும் விற்றது அதே விளம்பர யுகம். எங்கே சந்தேகம் தீர்ந்ததோ அங்கே நிறம் விற்றது, எங்கே சந்தேகம் மிச்சமிருந்ததோ அங்கே வெள்ளை விற்றது. விளம்பரம் இரண்டையும் செய்யும், எதை எங்கே செய்ய வேண்டும் என்பதை அது தீர்மானிக்கவில்லை.

இன்னொரு மறுப்பு பிற்காலத்திலிருந்து வரும். 1953இல் ஐசன்ஹோவர் அமெரிக்க ஜனாதிபதியானபோது அவர் மனைவி மேமியின் இளஞ்சிவப்பு மோகம் நாடெங்கும் பரவி, லட்சக்கணக்கான குளியலறைகள் அந்த நிறத்தில் கட்டப்பட்டன. அறுபது எழுபதுகளில் அவகாடோ பச்சையும் முற்றிய கதிரின் மஞ்சளும் வந்தன. அப்புறம் எண்பதுகளிலிருந்து வெள்ளை திரும்பி வந்து, இன்றுவரை போகவில்லை. சந்தேகம் தீர்ந்ததால் வெள்ளை போனது என்றால், சந்தேகம் புதிதாக எதுவும் வராமலே அது ஏன் திரும்பியது? திரும்பியது அதே வெள்ளை என்று எடுத்துக்கொண்டால்தான் இது சிக்கல். அமெரிக்கர்கள் வீட்டை வாங்குவதும் விற்பதுமாக இருப்பவர்கள். அவகாடோ நிறத் தொட்டியைப் பார்த்த மாத்திரத்தில் வாங்க வந்தவருக்கு அது எந்தப் பத்தாண்டில் போட்டது என்று தெரிந்துவிடும், விலையில் குறைத்துக் கேட்பார். வெள்ளைத் தொட்டியைப் பார்த்தால் தெரியாது. சுண்ணாம்புக் காலத்து வெள்ளை இன்ன மாதம் அடித்தது என்று தேதியைக் காட்டியது. தரகர் காலத்து வெள்ளை தேதியை மறைக்கிறது. நிறம் ஒன்றுதான், பார்க்க வந்தவர் மாறிவிட்டார்.

நம் வீடுகளைப் பொறுத்தவரை, வெள்ளைக்கு இன்னும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. கூரை மூலையில் கறுப்புப் பூஞ்சை பிடித்தால் வெள்ளையில் உடனே தெரியும் என்பார்கள். தெரியும்தான், ஆனால் வெளிர் பச்சையிலும் வெளிர் மஞ்சளிலும் அதே அளவுக்குத் தெரியும். பூஞ்சைக்குக் காரணம் வெளியேறாத நீராவி, அதற்கு மருந்து வென்டிலேட்டரும் எக்ஸாஸ்ட் ஃபேனும், ஷேட் கார்டு இல்லை. தமிழ்நாட்டுக் குளியலறைகளில் பூஞ்சையைவிடப் பெரிய தொல்லை போர்வெல் தண்ணீரின் உப்புக் கறை. வாளி வைக்கும் இடத்துக்குப் பின்னாலும் குழாய்க்குக் கீழேயும் சுவரில் கெட்டியாகப் படியும் அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். காய்ந்துபோன சுண்ணாம்புப் பூச்சும் அதேதான் என்று முன்பு பார்த்தோம். வெள்ளை டைல்ஸில் வருடக் கணக்காக அது படிந்தாலும் கை வைத்துத் தடவினால்தான் தெரியும், கருநீல டைல்ஸில் ஒரே வாரத்தில் பல்லிளிக்கும். நம் ஊர் அழுக்குக்கு வெள்ளை நல்ல சாட்சியே கிடையாது, பிறழ் சாட்சி.

சட்டத்தில் மட்டும் பழைய வெள்ளை நெடுங்காலம் உயிரோடிருந்தது. 1948ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பெயின்டோ வார்னிஷோ இல்லாத உட்சுவர்களுக்குப் பதினான்கு மாதத்துக்கு ஒருமுறை வெள்ளையடிக்க வேண்டும் என்றது. 1901ஆம் ஆண்டின் அதே எண்! கூடவே, வெள்ளைக்குப் பதிலாக நிறச் சுண்ணாம்பும் அடிக்கலாம் என்றது, அடித்த தேதியைப் பதிவேட்டில் எழுதவும் சொன்னது. தேதி புத்தகத்தில் ஏறிவிட்டபின் சுவர் என்ன நிறத்தில் இருந்தால் என்ன? 19ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கழிப்பறைச் சுவருக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர் உயரம்வரை பளபளப்பு டைல்ஸோ வழவழப்பான பூச்சோ வேண்டும் என்று மட்டும் கேட்டது, நிறத்தைப் பற்றி ஒரு சொல் இருக்கவில்லை. சட்டம் எழுதியவர்களுக்குச் சாட்சியம் சுவரிலிருந்து காகிதத்துக்கு இடம் மாறியது தெரிந்திருக்கிறது.

அந்தக் காகிதத்தை இன்று மால்களிலும் விமான நிலையங்களிலும் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் பார்க்கலாம். உள்ளே கறுப்பு கிரானைட், காபி நிறச் சுவர், மங்கலான மஞ்சள் விளக்கு. 1802இல் வந்த பாதிரியாரை அங்கே நிறுத்தினால் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் கதவில் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை தொங்குகிறது, மணிவாரியாகக் கட்டம் போட்டு, துடைத்தவர் கையெழுத்துக்கு ஒரு பத்தி, மேற்பார்வையாளர் கையெழுத்துக்கு ஒரு பத்தி. சில அட்டைகளில் காலை எட்டு மணிக் கட்டத்திலிருந்து மாலை ஆறு மணிக் கட்டம்வரை ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அவசரம். சுண்ணாம்புச் சுவரில் இந்த வசதி கிடையாது. அதை ஒரே சாயங்காலத்தில் உட்கார்ந்து பதினான்கு மாதத்துக்கும் சேர்த்து அடித்துவிட முடியாது.